மொழிபெயர்த்தவனுக்கு யார் பொறுப்பு?

அண்மையில் எமதூரில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. விழா முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பேச்சு ஆப்கானிஸ்தான் பக்கம் திரும்பியது. அந்நியப் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துவிட்டு வீசாவுக்காக பாகிஸ்தானிலும் கட்டாரிலும் தவமிருப்பவர்களைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். கவிதை எழுதும் நண்பர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சேர், அவனுகள் காட்டிக் குடுத்தவனுகள். துரோகிக்கு வேற என்ன கூலி கிடைக்கும்?" என்றார். சுற்றி நின்றவர்களில் நான்கைந்து பேர் தலையசைத்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அன்று நானும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2001 ஒக்டோபரில் ஆரம்பித்த அந்த யுத்தத்துக்கு வக்காலத்து வாங்குவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. திருமண வீடுகள் மீது குண்டு போட்டதையும், நள்ளிரவில் கதவுடைத்துப் புகுந்ததையும், பக்ராம் சிறையையும் மறந்துவிட்டு எழுத எவராலும் முடியாது. ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புத்தான். ஆனால் ஆக்கிரமித்தவனின் கணக்கை, அவனிடம் கூலிக்கு நின்றவனின் தலையில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? எனது கேள்வி இவ்வளவுதான்.

யார் இவர்கள்? அநேகர் இருபது வயது இளைஞர்கள். கொஞ்சம் ஆங்கிலம் படித்தவர்கள். சாரதிகள், சமையற்காரர்கள், காவலாளிகள், மின்னிணைப்பு வேலை செய்தவர்கள், பஷ்தூவையும் தாரியையும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொன்னவர்கள். படித்தவனுக்கு வேறு வேலை கிடைக்காத நாட்டில் வேலை கொடுத்தவன் அந்நியன். அவர்களுள் சிலர் தமது நாடு மாறும் என்று நம்பிப் போனார்கள். சிலர் உம்மாவின் மருந்துக்காகவும் தங்கையின் திருமணத்துக்காகவும் போனார்கள். துப்பாக்கி ஏந்தியவனுக்கும் கிராமத்துப் பெரியவருக்கும் நடுவில் நின்று, இவர் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவருக்கும் சொன்னார்கள். அப்படிச் சரியாகச் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையால் சுடப்படாமல் தப்பிய உயிர்களும் உண்டு. அவற்றை எண்ணி வைத்தவர் எவருமில்லை.

இவர்கள் எல்லோரும் மலக்குகள் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் அனுசரணையில் இயங்கிய ஆப்கான் தாக்குதற் படைகள் செய்த கொலைகளை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2019இல் விரிவாகவே பதிவு செய்தது. கொலை செய்தவன் விசாரிக்கப்படட்டும். அவனை ஏவியவனும் அதே கூண்டில் நிற்கட்டும். ஆனால் ஒரு சமையற்காரனையும் ஒரு கொலையாளியையும் ஒரே சொல்லால் அழைப்பது சோம்பேறித்தனம். எழுத்தாளனுக்கு அது அழகல்ல.

இனி, வாக்குக் கொடுத்தவர்களைப் பார்ப்போம்.

2009இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆப்கான் நேச சக்திகளைப் பாதுகாப்பதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்க அரசாங்கத்துக்காக ஒரு வருடமாவது விசுவாசமாக வேலை செய்து, அந்த வேலையின் காரணமாகவே உயிராபத்தை எதிர்நோக்கும் ஆப்கானியருக்கு விசேட குடிவரவு வீசா வழங்கப்படும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நல்ல சட்டம். கருணையும் அல்ல, கைமாறு. ஆனால் அந்த வீசாவைப் பெறும் வழியைப் பாருங்கள். மேலதிகாரியாயிருந்த அமெரிக்கரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். வேலை வழங்கிய நிறுவனத்தின் அத்தாட்சி வேண்டும். உயிருக்கு வந்த அச்சுறுத்தலைத் தானே விவரித்து எழுத வேண்டும். தூதுவராலயத்தின் அங்கீகாரம், நேர்முகம், பாதுகாப்புப் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை என்று பட்டியல் நீளும். கடிதம் தரவேண்டிய அதிகாரி ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஊர் போய்விட்டிருப்பார். ஒப்பந்தக் கம்பனி மூடப்பட்டிருக்கும். நம்மூரில் ஒரு கிராம சேவகர் கையொப்பத்துக்கு மூன்று நாள் அலைந்தவனுக்கு இது கொஞ்சம் விளங்கும். வித்தியாசம் என்னவென்றால், நமக்குத் தாமதமானால் ஒரு விண்ணப்பம் பிந்தும், அவனுக்குத் தாமதமானால் தலை போகும்.

2015 செப்டெம்பருக்குப் பின் விண்ணப்பித்தவர்கள் இரண்டு வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். இருபத்துமூன்று மாதம் கண்ணிவெடிப் பாதையில் நடந்தவனுக்கு வீசா இல்லை. எல்லாம் முடியப்போகும் 2021 ஜூலையில்தான் அதை மீண்டும் ஒரு வருடமாக்கினார்கள். விண்ணப்பத்தை ஒன்பது மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவர்களது சட்டமே சொல்லியிருந்தது. வருடக் கணக்கில் கிடப்பில் போட்டார்கள். காத்திருந்தவர்கள் 2018இல் வழக்குத் தொடர்ந்தார்கள். இந்தத் தாமதம் சட்டவிரோதம் என்று 2019 செப்டெம்பரில் வாஷிங்டன் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆயினும் 2021 நடுப்பகுதியில் ஏறத்தாழ 18,000 விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன.

ஆகஸ்ட் 15ஆம் திகதி தலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தார்கள். அதன் பிறகு நடந்ததைத் தொலைக்காட்சியில் நாமெல்லாம் பார்த்தோம். 26ஆம் திகதி விமான நிலைய வாயிலில் வெடித்த குண்டில் 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியரும் மாண்டார்கள். கழிவுநீர்க் கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடிதங்களைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டிய மனிதர்கள் அவர்கள். 30ஆம் திகதி இரவு கடைசி விமானம் புறப்பட்டது.

அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தலிபான்கள் வீடு வீடாகத் தேடுகிறார்கள் என்ற செய்தி பரவியதும் பலர் தமது சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் சிபாரிசுக் கடிதங்களையும் அடுப்பில் போட்டு எரித்தார்கள். வைத்திருந்தால் அது மரண தண்டனைக்குச் சாட்சி. எரித்துவிட்டால் வீசாவுக்குச் சாட்சி இல்லை. ஒரே தாள்தான். எரிக்காமல் வைத்திருந்தவனுக்கும் வழி திறக்கவில்லை. காபூலில் அமெரிக்கத் தூதுவராலயம் மூடப்பட்டுவிட்டது. நேர்முகத்துக்கு வேறொரு நாட்டுக்குப் போக வேண்டும். போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக் கொடுக்கும் காரியாலயத்தில் இருப்பவர் தலிபான்! யாருக்குப் பயந்து ஓடுகிறானோ அவரிடமே போய்ப் பெயரும் முகவரியும் கைவிரல் அடையாளமும் கொடுக்க வேண்டும். இந்தக் கொடுமையை ஒரு சிறுகதையில் எழுதினால் மிகைப்படுத்தல் என்று நமது விமர்சகர்கள் தள்ளிவிடுவார்கள்.

"தலிபான்கள்தான் பொதுமன்னிப்பு அறிவித்தார்களே" என்பார்கள் சிலர். அறிவித்தார்கள், உண்மை. ஆனால் 2021 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூன் வரை முன்னாள் அரச ஊழியர்களும் படையினருமாகக் குறைந்தது 218 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் தூதுக்குழு அறிக்கையிட்டது. மன்னிப்பு என்பது அமானிதம். அதை அறிவித்தவர்களும் காக்கவில்லை.

பிரித்தானியாவின் கதை இதைவிடக் கேவலமானது. 2022 பெப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சின் உத்தியோகத்தர் ஒருவர் தவறுதலாக அனுப்பிய ஒரு மின்னஞ்சலில் அடைக்கலம் கோரி விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியரின் விபரங்கள் வெளியே கசிந்தன. அரசாங்கத்துக்கு விடயம் தெரியவந்தது 2023 ஆகஸ்டில். உடனே அந்த மனிதர்களை எச்சரித்தார்களா? இல்லை. நீதிமன்றம் போய், செய்தி வெளியிடவும் முடியாத, அப்படியொரு தடை இருப்பதாகச் சொல்லவும் முடியாத தடையுத்தரவொன்றைப் பெற்றார்கள். 2025 ஜூலை 15ஆம் திகதி அந்தத் தடை நீங்கும் வரை பாராளுமன்றத்துக்கும் தெரியாது, பட்டியலில் பெயருள்ள பெரும்பாலானோருக்கும் தெரியாது. தடை நீங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஜூலை முதலாம் திகதி, புதிய விண்ணப்பங்களுக்கான கதவையும் சாத்திவிட்டார்கள்.

பிரித்தானிய விசேட படைகளோடு தோளோடு தோள் நின்ற ஆப்கான் அணிகள் இருந்தன. அவர்களில் ஏறத்தாழ 2,000 பேரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டு, பின்னர் 2024இல் மீள்பரிசீலனைக்கு எடுக்கப்பட்டன. அவ்விண்ணப்பங்களைத் தடுக்கும் அதிகாரம் அதே விசேட படைகளின் கையில் இருந்தது. அந்த விசேட படையினர் 2010 முதல் 2013 வரை நிராயுதபாணிகளைக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டை ஒரு சுயாதீன விசாரணைக் குழு ஆராய்ந்துவரும் காலத்தில் இது அம்பலமானது. சாட்சி சொல்லக்கூடியவன் இலண்டனுக்கு வராமலிருப்பது யாருக்கு நன்மை? என் கவிஞ நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். ஆக்கிரமிப்பாளன் செய்த குற்றத்துக்குக் கண்கண்ட சாட்சி இந்தத் 'துரோகி'தான். அவன் செத்தால் சாட்சியும் சாகும்.

ஜேர்மனியும் பின்நிற்கவில்லை. 2022 ஒக்டோபரில் ஆரம்பித்த அனுமதித் திட்டத்தை 2025இல் வந்த புதிய அரசாங்கம் நிறுத்தியது. எழுத்தில் வாக்குறுதி பெற்று இஸ்லாமாபாத்தில் காத்திருந்தவர்கள் பேர்லின் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. அவர்களில் இருநூறு பேர் வரையில் அதே வருடம் ஆகஸ்டில் பாகிஸ்தான் பொலிசாரால் பிடிக்கப்பட்டு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள்.

அமெரிக்காவில் 2025 ஜனவரி 20ஆம் திகதி பதவியேற்ற அன்றே ட்ரம்ப் அகதிகள் அனுமதியை இடைநிறுத்தினார். பயணச்சீட்டு கையிலிருந்தவர்களின் விமானங்கள் ரத்தாகின. ஜூன் மாதப் பயணத் தடையில் விசேட வீசாக்காரருக்கு விலக்கு இருந்தது. நவம்பர் 26ஆம் திகதி வாஷிங்டனில் தேசியக் காவற் படையினர் இருவர் சுடப்பட்டனர், ஒருவர் இறந்தார். சந்தேகநபர் முன்பு சி.ஐ.ஏ. ஆதரவுப் படையொன்றில் இருந்த ஆப்கானியர். அது கொலை, தண்டிக்கப்பட வேண்டியது. ஆனால் தண்டனை யாருக்குப் போயிற்று? ஆப்கான் கடவுச்சீட்டு வைத்திருந்த எல்லோருக்கும். டிசெம்பரில் வந்த புதிய பிரகடனம் விசேட வீசாவுக்கிருந்த விலக்கையும் நீக்கிவிட்டது. ஒருவன் சுட்டான், ஒரு இனமே வாசலில் நிறுத்தப்பட்டது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்நாட்டில் ஒரு கூட்டத்தின் பாதகத்துக்காகச் சந்தையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இது புதிய கதையுமல்ல. 1962இல் அல்ஜீரியாவை விட்டுப் போன பிரான்ஸ், தனக்குத் துணைப்படையாய் நின்ற ஹர்க்கிகளை நிராயுதபாணிகளாக்கி விட்டுவிட்டுப் போனது. அவர்களும் முஸ்லிம்கள்தான். இரக்கப்பட்டு அவர்களை அழைத்துவர முயன்ற பிரெஞ்சு அதிகாரிகளையும் பாரிஸ் கண்டித்தது. ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்தவர்களை ரிவ்சால்ட் போன்ற முகாம்களில் முட்கம்பிக்குள் அடைத்தார்கள். மன்னிப்புக் கேட்க அறுபது வருடம் எடுத்தது. ஜனாதிபதி மெக்ரோன் அதைக் கேட்டது 2021 செப்டெம்பர் 20ஆம் திகதி, காபூல் வீழ்ந்து ஐந்து வாரத்தில். வல்லரசுகளின் வருத்தம் எப்போதும் பேரப்பிள்ளைகளிடம்தான் வந்து சேரும் போலும்.

மேற்கைத் திட்டியது போதும். நமது உம்மத் என்ன செய்தது? 2023 நவம்பரிலிருந்து பாகிஸ்தான் ஆப்கானியரை இலட்சக்கணக்கில் துரத்தியது. 2025இல் ஈரானிலிருந்து திரும்பியோரும் திருப்பி அனுப்பப்பட்டோரும் பத்து இலட்சத்துக்கு மேல். பலஸ்தீனத்துக்காகக் கண்ணீர் விட்டுக் கவிதை எழுதும் நாம் (எழுதத்தான் வேண்டும்) இதைப் பற்றி எத்தனை வரி எழுதினோம்? விரட்டியவன் முஸ்லிமாயிருந்தால் நமது பேனாவில் மை வற்றிவிடுகிறது.

மக்காவிலிருந்து தப்பி அபிசீனியா சென்ற ஸஹாபாக்களைத் திருப்பித் தரும்படி குறைஷிகள் பரிசுகளோடு ஆளனுப்பினார்கள். அவர்களும் 'இவர்கள் தம் சமூகத்துக்குத் துரோகம் செய்தவர்கள்' என்ற தோரணையில்தான் வாதாடினார்கள். நஜாஷி மன்னர் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜஃபர் (ரழி) அவர்களின் பேச்சைக் கேட்டார். இவர்களும் அவர்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அல்லாஹ் பாதுகாப்பானாக. அடைக்கலம் தேடி வந்தவனை ஒப்படைக்குமுன் அவன் கதையைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். பத்ருக்கு முன் ஹுதைபா (ரழி) அவர்கள் குறைஷிகளிடம் பலவந்தத்தின் பேரில் கொடுத்த வாக்கையும் நிறைவேற்றும்படி ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எதிரிக்குக் கொடுத்த வாக்கே இப்படியென்றால், கூட நின்றவனுக்குக் கொடுத்த வாக்கை என்னவென்பது?

கடைசியாக அந்தச் சொல்லுக்கே வருகிறேன். துரோகி. இச்சொல் இந்த நாட்டில் தமிழ் பேசும் மனிதர்களுக்கு என்ன செய்ததென்று நமக்குத் தெரியும். 1990இல் இந்தியப் படை கப்பலேறியபோது, அதன் நிழலில் கட்டாயமாகத் திரட்டப்பட்ட பிள்ளைகள் அநாதரவாக விடப்பட்டு வேட்டையாடப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கின் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். காட்டிக் கொடுப்போர் என்ற சந்தேகம் ஒரு சமூகத்தின் மீதே எழுதப்பட்டது. சிங்களமும் தமிழும் தெரிந்ததால் முகாம்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் மொழிபெயர்க்க நின்ற நம்மவர்களை இரு பக்கமும் எப்படிப் பார்த்தது என்பதை மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் மீது எறியப்பட்ட கல்லைப் பொறுக்கி எடுத்து, தூரத்து ஏழை ஒருவன் மீது நாமே எறிவதா?

நம்மால் வாஷிங்டனின் கதவைத் திறக்க முடியாது, எனக்குத் தெரியும். காலாண்டுக்கு ஒருமுறை சில நூறு பிரதிகள் அச்சாகும் ஒரு சஞ்சிகையால் வீசா கொடுக்க முடியாது. ஆனால் ஒரு சொல்லை எங்கே பாவிப்பது, எங்கே பாவிக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நம்மிடம் உண்டு. எழுதுகிறவனிடம் இருப்பது அது ஒன்றுதான். வாக்குக் கொடுத்துக் கைவிட்டவனுக்கும், ஊருக்குள் புகுந்து சுட்டவனுக்கும், விசாரணையை மறைத்தவனுக்கும் கடுமையான சொற்களைத் தாராளமாக எழுதுங்கள். அந்த மொழிபெயர்ப்பாளனுக்கு அவற்றை எழுதாதீர்கள்.

கவிஞ நண்பரே, அன்று தேநீர்க் கோப்பையோடு நான் சொல்லாமல் வந்த பதில் இதுதான். மறுப்பிருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.