டிராக்டரில் மறைவாக சுவிட்ச் வைக்கலாமா?

‘‘இரவில் களத்துமேட்டில் நிறுத்தும் டிராக்டர் திருடு போகாமல் இருக்க, டேஷ்போர்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சுவிட்ச் பொருத்தலாமா?’’
- வாசகர், ஒட்டன்சத்திரம்.

தாராளமாகப் பொருத்தலாம். சாவி சுவிட்சிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்குப் போகும் மெல்லிய ஒயரின் நடுவில்தான் இந்த சுவிட்ச் வர வேண்டும். அதில் ஓடும் மின்சாரம் குறைவு என்பதால், சிறிய சுவிட்சே தாங்கும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதில் சிறிய சுவிட்சை வைத்தால் உருகித் தீப்பிடிக்கும். ரிலே இல்லாத வண்டியில் 12 வோல்ட் ரிலே ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடவும். உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற, மழைத்தண்ணீரும் இன்ஜின் சூடும் படாத இடமாகப் பார்த்து சுவிட்சை வைக்கவும். ஒயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். வாரண்டி முடியாத வண்டி என்றால், டீலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த சுவிட்ச் தடுப்பது ‘செல்ஃப்’ ஸ்டார்ட்டை மட்டும்தான். சரிவில் உருட்டிவிட்டால் டீசல் இன்ஜின் கிளம்பிவிடக்கூடும். ஆகவே, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குச் சங்கிலிப் பூட்டும் போட வேண்டும்.