காது அழகுதான், முதல்ல நடையைப் பாருங்க

போன வாரம் அக்கா மகள் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பூனைக்குட்டி. உருண்டை முகம், பெரிய கண், ரெண்டு காதும் முன்பக்கமா மடிஞ்சு தலையோட ஒட்டிக் கிடக்கு. ஆந்தைக் குஞ்சு மாதிரி இருந்தது.

"ஸ்காட்டிஷ் ஃபோல்டு மாமா. அஞ்சு வாரக் குட்டி, 40,000 சொல்றாங்க. சனிக்கிழமை வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுவாங்களாம். வாங்கட்டுமா?"

"அம்மணி, அது நடக்கிற வீடியோ இருக்குதா?"ன்னு கேட்டேன். இல்லையாம்.

சந்தையில மாடு பிடிக்கப் போனா பல்லு பார்ப்போம், சுழி பார்ப்போம். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்போம். கால் சரியில்லாத மாட்டை, எவ்வளவு லட்சணமா இருந்தாலும் ஓட்டிட்டு வரமாட்டோம். பூனைன்னா மட்டும் ஒரு போட்டோ போதுமா?

இந்தப் பூனையோட கதையே ஒரு பண்ணையில ஆரம்பிச்சதுதான். 1961-ல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் சூசின்னு ஒரு வெள்ளைப் பூனை. நம்ம வைக்கப்போர்ல எலி பிடிக்கிற பூனை மாதிரி சாதாரணப் பூனைதான், காது மட்டும் மடிஞ்சிருந்தது. வில்லியம் ராஸ் என்கிற ஆடு மேய்ப்பவர் அதைப் பார்த்து, அது ஈன்ற குட்டிகளில் காது மடிஞ்ச ஒன்றைக் கொண்டுபோய் வளர்த்தார். அங்கிருந்து கிளைச்சதுதான் இந்த இனம் முழுக்க.

பிரச்சினை என்னன்னா, காதை மடக்குற அந்த மரபணுக் கோளாறு காதோட நிக்கிறதில்ல. குருத்தெலும்பு இருக்கிற மத்த இடங்களையும் பாதிக்குது. கால் மூட்டு இறுகும், வால் விறைக்கும், நாளாக ஆகத் தாவவே தயங்கும். தாய், தகப்பன் ரெண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். சிலதுக்குக் குட்டியிலேயே தெரியும், சிலதுக்கு வயசான பிறகு. முழுசாத் தீர்க்க மருந்து கிடையாது. பிரிட்டனின் பெரிய பூனைச் சங்கம் 1970-களிலேயே இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திட்டது. நெதர்லாந்தில் இனப்பெருக்கம் செய்யவே தடை.

இன்னொன்று, இந்தக் குட்டிங்க பிறக்கும்போது காது நிமிர்ந்துதான் இருக்கும். மூணு வாரம் போலத்தான் மடியும். ஒரே ஈத்துல சிலதுக்கு மடியாமலே போகும். அந்த மடியாத குட்டிக்கு இந்த மூட்டு நோவு வராது. ஆனா கிராக்கி எல்லாம் மடிஞ்ச காதுக்குத்தான். நோவுக்குக் கூடுதல் விலை குடுத்து வாங்குறோம்னு எனக்குத் தோணுது.

அஞ்சு வாரக் கணக்கும் எனக்கு ஆகலை. அதே பிரிட்டன் சங்கம், 13 வாரம் ஆகாம எந்தக் குட்டியையும் கைமாத்தக் கூடாதுங்குது. ஏன்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மூணு வருஷம் முன்னாடி டவுன்ல இருந்து வந்த சிநேகிதர் ஒருத்தரோட பையன் அழுதான்னு, ஒரு மாசக் குட்டி ஒன்றைத் தூக்கிக் குடுத்துட்டேன். தாய் மூணு நாள் வைக்கப்போரைச் சுத்திச் சுத்திக் கத்துச்சு. அங்க போன குட்டி யார் கை நீட்டினாலும் கடிச்சு வெச்சிருக்கு. எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு தாயும் கூடப் பிறந்ததுகளும்தானே சொல்லித் தரணும்? ரெண்டே மாசத்துல அதைத் தெருவுல விட்டுட்டாங்க. அவங்க மேல கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பிரிச்சுக் குடுத்தவன் நான்.

ஜாதிப் பூனையே வாங்காதீங்கன்னு சொல்லல. வாங்குறதா இருந்தா நேர்ல போங்க. தாய்ப் பூனையைக் காட்டச் சொல்லுங்க. குட்டி ஓடுதா, தாவுதான்னு பாருங்க. மூணு மாசம் ஆகிற வரைக்கும் பொறுங்க. தடுப்பூசிச் சீட்டைக் கேளுங்க. காது மடிஞ்சதை மட்டும் விட்டுடுங்க.

அக்கா மகள் வீடியோ கேட்டிருக்கா. அன்னைக்கிருந்து அந்த ஆள்கிட்டயிருந்து பதிலே இல்லையாம். எங்க சாம்பல் பூனை இப்போ சினையா இருக்கு. அதுல ஒண்ணு வேணும்னு கேட்டிருக்கா. தர்றேன், காசு வேண்டாம், ஆனா ஈன்ன மூணு மாசம் கழிச்சுத்தான்னு சொல்லியிருக்கேன்.