திங்கட்கிழமை நோயும் தேங்காய்ப் புண்ணாக்கும்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோடில் நடந்தால் மூக்குதான் வழிகாட்டி. மிளகு, சுக்கு, ஏலம், அதற்கு மேல் கொப்பரையின் கனத்த எண்ணெய் வாசனை. தேங்காய் எண்ணெய்க்குக் 'கொச்சி விலை' என்று பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தில் வெளியாகும் விலை இந்த வட்டாரத்து எண்ணெய் வணிகர்கள் சொல்வது. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் புண்ணாக்குக்கு அப்படி ஒரு பெயரோ புகழோ கிடையாது. அது மாட்டுக்குப் போகும். குதிரைக்கும் போகலாம், அதிலும் குறிப்பாகத் தசை நோய் வந்த வண்டிக் குதிரைக்குப் போகலாம் என்பது இந்த ஊரில் அதிகம் பேசப்படாத செய்தி. மட்டாஞ்சேரிக்கு அந்தக் கவலை இருந்திருக்கவும் காரணமில்லை. இங்கே சரக்கை நகர்த்தியவை வள்ளங்களும் கைவண்டிகளும் சுமைதூக்கிகளின் தலைகளும்தான்.

நோயின் கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. வாரத்தில் ஆறு நாள் வண்டியும் ஏரும் இழுக்கும் கனத்த குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு. ஆனால் தீவனத்துக்கு ஓய்வு கிடையாது. வேலை நாளின் அதே அளவு தானியம் தொட்டியில் விழும். திங்கள் காலை வண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் குதிரை வியர்த்துக் கொட்டும். பின்னந்தொடை கல்லாக இறுகும். பின்பு ஒரு அடி எடுத்து வைக்காது. சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். சில குதிரைகள் படுத்தால் எழுவதில்லை. 'திங்கட்கிழமை நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேவாலயத்துக்குப் போகாத வண்டிக்காரனுக்குக் கிடைத்த தண்டனை என்று யாரும் சொல்லாமல் விட்டது ஆச்சரியம்தான்.

தண்டனை தீவனத்தில் இருந்தது. தானியத்தின் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாகி, இன்சுலின் தள்ள, தசைக்குள் போய்க் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. எல்லாக் குதிரைக்கும் நடப்பதுதான் இது. சில குதிரைகளில் மட்டும் இந்தச் சேமிப்பு அளவு மீறுகிறது. அமெரிக்காவில் ஸ்டெஃபனி வால்பெர்க் 1992-இல் குவார்ட்டர் இனக் குதிரைகளின் தசையில் இயல்புக்கு மாறான சர்க்கரைத் தேக்கத்தை விவரித்தார். கனத்த வண்டிக் குதிரைகளிலும் அதே கோளாறு இருப்பதை 1997-இல் பெத் வாலன்டைன் குழு காட்டியது. 2008-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணமான மரபணுவையே பிடித்தார்கள். கிளைக்கோஜனைத் தயாரிக்கும் நொதி ஓயாமல் வேலை செய்யும்படி ஒரு சிறு மாற்றம். களஞ்சியம் நிறைந்திருக்கிறது, ஆனால் வேலை நேரத்தில் அதிலிருந்து எடுத்துச் செலவிட முடியவில்லை. பட்டினி கிடக்கும் தசை நார்கள் உடைகின்றன. உடைந்த தசையின் சிவப்புப் புரதம் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது, போகிற போக்கில் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஐரோப்பாவின் சில கனத்த இனங்களில் பாதிக்கும் மேற்பட்ட குதிரைகள் இந்த மரபணுவைச் சுமக்கின்றன. பிரிட்டனின் ஷயர் இனத்தில் அது மிக அரிது.

மரபணுவை மாற்ற முடியாது, தொட்டியை மாற்றலாம். தானியத்தைக் குறைத்து, சர்க்கரையும் மாவும் குறைந்த புல்லைக் கூட்டி, எரிபொருளுக்குக் கொழுப்பைக் கொடுப்பதே சிகிச்சை. வாலன்டைன் வண்டிக் குதிரைகளுக்குப் பரிந்துரைத்த அளவு தாராளமானது. 450 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 கிராம் கொழுப்பு. எடுத்த எடுப்பில் ஊற்றினால் வயிறு கழியும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். கூடவே ஒரு நாள்கூட லாயத்தில் சும்மா கட்டிப் போடாமல் நடக்கவிட வேண்டும். எண்ணெய் கூடும்போது வைட்டமின் 'ஈ'யும் கூட வேண்டும்.

இங்கேதான் கொப்பரை உள்ளே வருகிறது. எக்ஸ்பெல்லரில் பிழிந்த தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 8 சதவீதம் எண்ணெயும் 20 சதவீதத்தை ஒட்டிப் புரதமும் தங்கிவிடுகின்றன. மாவும் சர்க்கரையும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். மிச்சமுள்ள நாரைக் குதிரையின் பெருங்குடல் நுண்ணுயிர்கள் பதப்படுத்தித் தருகின்றன. ஆஸ்திரேலியாவில் தசை இறுகும் குதிரைகளுக்கு இதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கரைப்பான் கொண்டு எண்ணெயை முழுக்க உறிஞ்சிய புண்ணாக்கில் இந்த ஆதாயம் இல்லை. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டு லாயங்களில் பழக்கம் வேறு. பழனி அடிவாரத்துக் குதிரை வண்டிக்குக் கொள்ளும் புல்லும்தான். வேலைக்குமுன் தெம்புக்கு வெல்லம் என்ற பழக்கமும் உண்டு. ஆரோக்கியமான, தினமும் ஓடும் குதிரைக்கு இதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் கொள்ளிலும் மாவுச்சத்து கணிசம். நம் நாட்டுக் குதிரைகளில் அந்த மரபணு இருக்கிறதோ இல்லையோ, சவாரியில்லாத நாட்களில் கட்டிப்போட்டுக் கொள்ளு நிறையத் தின்ற குதிரையைத் தைப்பூசக் கூட்டத்தில் திடீரெனப் பூட்டினால் தசை உடையும் ஆபத்து உண்டு. ஓய்வு நாளில் கொள்ளைப் பாதிக்கும் கீழே குறைப்பது காசு செலவில்லாத மருந்து.

நோய் கண்ட குதிரைக்குத்தான் கணக்கு இடிக்கும். 250 கிலோ எடையுள்ள வண்டிக் குதிரைக்கு அந்த அளவின்படி நாளுக்கு 250 கிராம் கொழுப்பு வேண்டும். ஒரு கிலோ புண்ணாக்கு தருவது 80 கிராம். பாக்கி 170 கிராமை எண்ணெயாகத்தான் ஊற்ற வேண்டும். 2025-இல் தேங்காய் எண்ணெய் கேரளச் சில்லறைக் கடைகளில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. நாளுக்கு எழுபது ரூபாய்க்கு மேல் எண்ணெய்க்கே போனால் வண்டிக்காரர் குடும்பத்துக்கு மிஞ்சுவது என்ன? மலிவான தவிட்டு எண்ணெயோ சோயா எண்ணெயோ போதும்.

கொழுப்பூட்டும் யோசனை நம் கரைக்குப் புதிதுமில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து இறங்கிய குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்துக் கொல்கிறார்கள் என்று எழுதினார். அதற்குச் சிறிது பின்வந்த பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பச்சை வாற்கோதுமைக்குப் பதில் வறுத்ததும், நெய்யில் புரட்டிய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுப்பதைக் கேலியாகக் குறிப்பிட்டார். நெய் சரி, அதனடியில் இருந்த தானியம்தான் சிக்கல். குதிரைகள் செத்தது தீவனத்தால் மட்டும் என்று சொல்லவும் முடியாது. வெயிலும் லாடக்காரர் இல்லாததும் சேர்ந்துகொண்டன.

புண்ணாக்கிலும் ஒரு ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் சரியாகக் காயாத கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும். அதன் அஃப்ளாடாக்சின் நஞ்சு எண்ணெய் போனபின் புண்ணாக்கில் தங்கும். ஈரலைத் தின்னும் நஞ்சு அது. கட்டியாகிப்போனது, பச்சை படிந்தது, காறல் வாடை அடிப்பது எதுவும் தொட்டிக்குப் போகக் கூடாது. மே மாதத்தில் கொஞ்சம் வாங்கித் தீர்ப்பது, ஜூலையில் மூட்டையாக வாங்கிக் கிடங்கில் போடுவதைவிட மேல். பிறகும் ஒரு நாள் குதிரை பாதி வழியில் நின்று தொடை இறுகினால் சாட்டையை எடுக்காமல், நடத்திக் கூட்டிப் போகவும் பார்க்காமல், நின்ற இடத்திலேயே வண்டியை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, கால்நடை மருத்துவரை அங்கே அழைக்க வேண்டும். அவர் முதலில் கேட்பது சிறுநீர் என்ன நிறம் என்பதுதான்.