மேல்படிப்பா, வேலையா? பட்டம் வாங்கியவர்கள் திண்டாட்டம்!

சென்னை:

டிகிரி ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு சண்டை கிளம்புகிறது. "எம்.ஏ. சேரப் போறேன்" என்கிறான் மகன். "படிச்ச வரைக்கும் போதும், சம்பாதிக்கிற வழியைப் பாரு" என்கிறார் தகப்பனார்.

தகப்பனார் பேச்சைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2019-ல் தமிழக சட்டசபை செயலகத்தில் பெருக்குபவர், துப்புரவுப் பணியாளர் வேலைக்கு 14 இடம்தான் காலி. வந்து குவிந்த மனுக்களோ 4 ஆயிரத்துக்கு மேல். எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் துடைப்பம் பிடிக்கத் தயார் என்று மனு போட்டிருந்தார்கள்!

குரூப்-4 கதையும் இதுதான். 2022-ல் நடந்த தேர்வில் இடம் 7 ஆயிரத்து 301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தாலே போதும் என்கிற பரீட்சை அது. எம்.ஏ. படித்தவருக்கு அங்கே ஒரு மார்க் கூட அதிகம் கிடையாது. ஐ.ஏ.எஸ்., பேங்க் ஆபீசர் தேர்வுகளுக்கும் ஒரு டிகிரி போதும். ஐ.ஏ.எஸ்.சில் பொதுப் பிரிவினருக்கு 32 வயதுக்குள் 6 தடவைதான் வாய்ப்பு. ஆண்டுகளைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

பிறகு ஏன் சேருகிறார்கள்?

பாதிப் பேருக்குப் படிப்பு ஆசை அல்ல, பயம். "பையன் என்ன பண்றான்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "சும்மா இருக்கான்" என்பதைவிட "எம்.காம். படிக்கிறான்" என்பது கவுரவம். ரெயில் சீசன் டிக்கெட்டும் மாணவர் சலுகையில் ஓடும். ஆனால் 2 வருஷம் கழித்து அதே கேள்வி வாசலில் வந்து நிற்கும். அப்போது வயதும் கூடியிருக்கும்.

பெண்கள் விஷயம் வேறு. படிப்பை நிறுத்திய மறு மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் ஏராளம். அந்தப் பெண்ணுக்கு எம்.எஸ்சி. என்பது 2 வருஷ மூச்சு. இதை வீண் செலவு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இதிலும் ஒரு சிக்கல். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தபோது, முதல் டிகிரி முடியும் வரைதான் பணம் என்று வகுக்கப்பட்டது. மேலே படிக்கிற செலவு குடும்பத்தின் தலையில்தான்.

வாத்தியார் வேலைக்கு அவசியம்

மேல்நிலைப் பள்ளியில் பிளஸ்-2 வகுப்பு எடுக்க முதுநிலைப் பட்டத்துடன் பி.எட். வேண்டும். கல்லூரி என்றால் முதுநிலையில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), அதோடு நெட் அல்லது செட் தேர்வு. நெட்டில் ஜே.ஆர்.எப். கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37 ஆயிரம் ரூபாய் என்று 2023-ல் உயர்த்தப்பட்டது. இந்தக் குறி உள்ளவர் தாராளமாகச் சேரலாம். ஆனால் நிரந்தர இடம் கிடைக்காமல் கவுரவ விரிவுரையாளராகவே தலை நரைத்தவர்களையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சேருவது நல்லது.

வேலைக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. படிப்பவர்களும் இருக்கிறார்கள். கையில் சம்பளம், சுவரில் சர்டிபிகேட். கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு இதுதான் தோது. ஆனால் இங்கேதான் ஏமாற்றுக்காரர்களும் புகுந்துகொள்கிறார்கள். தபால் வழிப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் அந்தந்த ஆண்டுக்கு உண்டா என்று பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். எம்.பில். சீட் வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் யாராவது வந்தால் உஷார்! அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. 2022-லேயே முடிவு கட்டிவிட்டது.