தோண்டும் முன் பாறையைப் பாருங்கள்

டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் விளையாட்டில் இரும்பு சிக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் தப்பான நிலத்தில் தோண்டுகிறார்கள். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் கனிமங்கள் கண்டபடி இறைந்து கிடப்பதில்லை. இரும்புத் தாதுக்களான ஹேமடைட், லிமோனைட், மாக்னடைட் மூன்றும் படிவுப்பாறை அடுக்கில் அகப்படும். கிரானைட்டை எவ்வளவு குடைந்தாலும் இரும்புக்கு வழியில்லை. எஃகு உருக்க வேண்டிய சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும்கூட அந்தப் படிவுப்பாறையில்தான். நிஜ பூமியின் கதையும் ஏறக்குறைய இதுதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிர்கள் வெளிவிட்ட ஆக்ஸிஜன், கடல்நீரில் கரைந்திருந்த இரும்பைத் துருவாக்கி அடியில் படியவைத்தது. உலகின் பெரிய இரும்புச் சுரங்கங்கள் பல அந்தப் படிவுகளை நம்பியே ஓடுகின்றன. மூவகைப் பாறைகளைப் பரீட்சைக்கு உருப்போட்டு மறுநாளே மறந்த பிள்ளைகள், விளையாட்டில் வரும் குள்ளர்களுக்கு ஒரு கோடரி செய்ய அதே பாடத்தைத் தேடிப் படிக்கிறார்கள். (ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.) புதிதாக ஆடுகிறவர்கள் கோட்டைக்கு இடம் பார்க்கும்போதே படிவுப்பாறை உண்டா என்று கவனியுங்கள், ஆறும் காடும் அப்புறம்.