கேள்வி கேட்பவரைத் தனியே விடாதீர்கள்



ஒரு மத இயக்கத்தை விமர்சித்து முகநூலில் எழுதியவர் மிரட்டப்படும்போது, "அது அவங்கட பிரச்சினை" என்று இனியும் நாம் விலகி நிற்கக் கூடாது. அப்படி விலகி நின்றதற்கு மட்டக்களப்பு உயிர்களையே விலையாகக் கொடுத்தது.

2017 மார்ச் 10. காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரான் ஹாசிமின் தேசிய தௌஹீத் ஜமாஅத்தினருக்கும் அப்துர் றஊப் மௌலவியைப் பின்பற்றும் சூஃபிகளுக்கும் மோதல். வாள்கள் வெளியே வந்தன. சஹ்ரான் தலைமறைவானார். பிடியாணை இருந்தும் அவர் பிடிபடவில்லை. அவருடைய பேச்சுகள் இணையத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. முதலில் எச்சரித்தவர்கள் முஸ்லிம்கள்தான், அதிலும் அடிவாங்கிய சூஃபிகள். ஆனால் றஊப் மௌலவி 1979இலேயே மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யத்துல் உலமாவால் மதம் மாறியவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர். வழிதவறியவர்களின் முறைப்பாட்டுக்கு யார் காது கொடுப்பார்? கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மட்டக்களப்பு நகருக்கு, அந்தக் குரல் வந்து சேரவே இல்லை. றஊப் மௌலவியின் கொள்கை சரியா பிழையா என்பது நம் வழக்கு அல்ல. அவரைப் பின்பற்றியவர்களுக்கும் பாதுகாப்புப் பெறும் உரிமை இருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சஹ்ரானின் குழு நடத்திய குண்டுத் தாக்குதலில் 31 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 14 பேர் சிறுவர்கள்; ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள்.

அதே மாதம் 1ஆம் திகதி பொலிஸார் கைதுசெய்தது யாரை? ஒரு சிறுகதை எழுதியதற்காக சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை! பிக்குகள் முறையிட்டார்கள், 2007இன் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கை) சட்டத்தில் மத வெறுப்பைத் தடுக்கவென்று இருந்த பிரிவு அவர்மீது பாய்ந்தது. மறு ஆண்டு, வெறுப்புப் பேச்சைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ளுங்கள் என்று முகநூலில் எழுதிய றம்ஸி ராசிக்கை அதே சட்டம் ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் வைத்தது. வெறுப்பை விதைத்தவரைத் தொடாத சட்டம், கேள்வி கேட்டவரைத் தேடிப் பிடித்தது. இதற்கு மேல் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. பொய்க்கூற்றால் மத உணர்வைப் புண்படுத்துவது அதில் குற்றம். எது பொய் என்று சொல்லும் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம். இந்தப் பிரிவுகள் நீக்கப்படும்வரை நாம் ஓயக் கூடாது.

நமக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். தலைவரைக் கேளுங்கள், போதனையைக் கேளுங்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தொப்பியையும் அபாயாவையும் ஏளனம் செய்பவன் நம் அணியில் இல்லை. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அந்த ஏளனம் எத்தனை அப்பாவிகளை வதைத்தது என்று கண்டவர்கள் நாம். கோயிலையோ சபையையோ விகாரையையோ கேள்வி கேட்பவருக்கும் இதே துணை நிற்போம்.

இன்றே தொடங்குங்கள். மிரட்டல் வந்த பதிவைத் திகதியோடு படமெடுத்து வையுங்கள். காத்தான்குடிக்காரருக்கு மிரட்டல் என்றால் ஆரையம்பதியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் ஆட்கள் போக வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் அங்கிருந்து நேராக மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டு இலக்கம் கைக்கு வராமல் எவரும் வீடு திரும்ப வேண்டாம்.