முதியோர் இதயத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளின் தோற்றமே மாறிவிடுகிறது. வாழ்நாள் சான்றிதழ் அளிக்க ஓய்வூதியர்கள் காலையிலேயே வந்து அமர்ந்துவிடுகின்றனர். 2014ஆம் ஆண்டு முதல் ஜீவன் பிரமாண் வசதி இருக்கிறது. 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் மாதமே சான்றிதழை அளித்துவிடலாம். ஆயினும் நேரில் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவதையே பலர் விரும்புகின்றனர். போபாலாயினும் நாகபுரியாயினும், பணிமாற்றம் எங்களை எங்குக் கொண்டு சேர்த்தாலும், இக்காட்சி ஒன்றேதான். சென்ற ஆண்டு வாசலிலிருந்து கவுண்டர் வரை நேராக நடந்துவந்தவர் இவ்வாண்டு நடுவிலுள்ள தூணைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவதை நாங்கள் கவனிக்கத் தவறுவதில்லை.

அவ்வாறு நின்றவர்களுள் ஒருவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; வயது 78. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் கூறியதால், முதிர்வுக்கு முன்பே ஒரு நிலைவைப்பை முடித்துப் பணம் பெற்றுச் சென்றார். சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், சிறுநீர்ப் பிரச்சினைக்கு ஒருவர் என மூன்று நிபுணர்கள் எழுதிய மாத்திரைகள் நாளொன்றுக்குப் பதினொன்றாயின. நான்காம் மாதம், பின்னிரவில் கழிப்பறைக்குச் செல்ல எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டாவது வைப்புத்தொகையை முடிக்க அவருடைய மகன் வந்தார். “எக்கோ ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்குதாம் சார்” என்று அவர் சொன்னபோது என்ன பதில் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் ஒரு முறை இரத்த அழுத்தத்தை அளந்திருந்தால், இந்த ஆபத்து முன்பே புலப்பட்டிருக்கக்கூடும். மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்துகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தின் அரிச்சுவடி. அந்த மூன்று நிபுணர்களும் தத்தம் பணியைச் சரியாகவே செய்தனர். முழு மனிதரையும் பார்க்க வேண்டிய பணி எவருடையதாகவும் இருக்கவில்லை.

முதியவரின் இதயத்தை, வயது கூடிய இளைஞரின் இதயம் என்று எண்ணிவிட இயலாது. மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் மூச்சுத்திணறலாக, சோர்வாக, சில வேளைகளில் வெறும் மனக்குழப்பமாகக்கூட வருகிறது. சிறுநீரகத்தின் ஆற்றல் குறைவதால் மருந்தளவும் மாறுகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கு இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் அபிக்சபானை எடுத்துக்கொள்வோம். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் அளவைப் பாதியாக்க வேண்டும். இதய அறுவைக்கு முன் ஐந்து மீட்டர் தூரம் நடக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. ஆறு வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொள்வோருக்கு அறுவையின் ஆபத்து கூடுதல் என்று கருதப்படுகிறது. எங்கள் கிளையின் வாசலுக்கும் கவுண்டருக்கும் இடையே ஏறத்தாழ அதே தூரம்தான்!

நம் நாட்டில் இதயநோய் நிபுணராக எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, டி.எம். மூன்று ஆண்டு படிக்க வேண்டும். குழந்தைகளின் இதயத்துக்கெனத் தனிச் சிறப்புப் பயிற்சி உண்டு. அது மிகவும் சரியானதே. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பைச் சென்னை மருத்துவக் கல்லூரி 1996லேயே தொடங்கிவிட்டது. லக்னோவில் முதியோர் மனநலத்துக்கு டி.எம். படிப்பே இருக்கிறது. முதியோரின் இதயத்துக்கு மட்டும் அத்தகைய தனிப் பாதை இன்னும் அமையவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே 60 வயது கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நாடு இது.

இது ஏன் இப்போது அவசரமாகிறது? பணத்தின் தடை சிறிது சிறிதாக நீங்கி வருகிறது. 2017இல் ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு வந்தது. 2024 அக்டோபர் முதல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமானம் எதுவாயினும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பு கிடைக்கிறது. நெஞ்சைத் திறக்காமலே வால்வு பொருத்தும் முறையை 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே செய்துகாட்டிய பிறகு, 80 வயதினருக்கும் அவ்வாய்ப்பு உண்டு. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே.

ஆனால் வரம்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் வங்கியாளர் எவரும் கடன் வழங்குவதில்லை. எடுப்பவரால் தாங்க இயலுமா, அதனால் அவருக்குப் பயன் உண்டா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுகிறோம். சிகிச்சையிலும் அம்மதிப்பீட்டைச் செய்யத் தெரிந்தவர் வேண்டும். “உங்களுக்கு எது முக்கியம், இன்னும் சில ஆண்டுகளா, பிறர் துணையின்றி நடமாடுவதா?” என்று முதியவரிடமே கேட்டு முடிவெடுக்கும் அந்த அரைமணி நேர உரையாடல், படுக்கையில் சேர்ந்த பின்னரே பணம் தரும் காப்பில் அடங்குவதில்லை.

இருக்கும் இதயநோய் நிபுணர்களே போதவில்லை, இதில் புதுப் பிரிவு எதற்கு என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். புதிய பட்டத்தை உடனே தொடங்க வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. டி.எம். இதயவியல் பயிலும் மூன்று ஆண்டுகளில் சில மாதங்களேனும் முதியோர் மருத்துவப் பிரிவில் பணியாற்றுவதைக் கட்டாயமாக்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. விரும்புவோருக்கு டி.எம். முடித்தபின் ஓராண்டு சிறப்புப் பயிற்சி தரலாம். அமெரிக்காவில் சில இடங்களில் அத்தகைய பயிற்சி உள்ளது. மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிப்பது இவற்றினும் முக்கியம் என்பது எங்கள் எண்ணம். முதியவர் முதலில் செல்லும் இடம் அதுதானே.

தலைமையாசிரியர் இவ்வாண்டு கிளைக்கு வரவில்லை. எங்கள் அலுவலர் அவர் இல்லத்துக்கே சென்று சான்றிதழ் பெற்றுவந்தார். முதியோர் மருத்துவர் ஒருவர் அவரை எழுந்து நிற்கச் செய்து இரத்த அழுத்தத்தை அளந்து, மற்ற நிபுணர்களிடமும் கலந்துபேசி, பதினொரு மாத்திரைகளை ஆறாகக் குறைத்திருக்கிறார், தலைசுற்றல் நின்றுவிட்டதாம். அந்த மருத்துவர் இருக்கும் நகரத்துக்கு அவர் வீட்டிலிருந்து காரில் நான்கு மணி நேரம் ஆகிறது.